சத்தம் போட்டுப் படிக்கிற வீடு

சாயங்காலப் பாத்திரங்களைக் கழுவுவது அந்த வீட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற காயில்காரரின் வேலை. கடையை அடைத்துவிட்டு வந்து, கையிலிருக்கும் கிரீசை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறமும் கறுப்பு போகாத விரல்களால் தட்டுகளைத் தேய்ப்பார். மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மாலை ஷிப்ட். மகன் வீட்டிலிருந்தாலும் அவனுக்கும் பாத்திரத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மகளை அவர் தொடவிடமாட்டார்.

"நீ போய்ப் படி பாப்பா. கரி எனக்குப் பழகினது" என்பார்.

அவர் பாத்திரம் கழுவுவதில் ஒரு விசேஷம் உண்டு. குழாயை முழுக்கத் திறக்கமாட்டார். தண்ணீர் நூல் மாதிரி விழும். மற்றவர்கள் சட்டென்று முடிக்கிற வேலையை அவர் இழுத்துக்கொண்டே நிற்பார். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தால் தப்பு. தண்ணீர் விழுகிற சத்தத்தில் முன்னறையில் மகள் படிக்கிற சத்தம் அமுங்கிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

அவளும் படிப்பாள். வாய்விட்டு, வாசலைத் தாண்டித் தெருவுக்கே கேட்கும்படி படிப்பாள். தெருவில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சளி பிடித்து ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டால், எதிரே பேரிங் கடை வைத்திருப்பவர் மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே கேட்பார்: "என்ன காயிலு, நேத்து ரேடியோ ரிப்பேரா?"

காயில்காரருக்கு அதில் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்.

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றிக் கட்டித் தருவது அவர் தொழில். இந்தத் தொழில் யாரையும் எளிதில் நம்புகிறவனாக ஒரு மனிதனை வளர்க்காது. எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த எவரும் உண்மையைச் சொன்னதாக அவருக்கு ஞாபகமில்லை. "நல்லாத்தான் ஓடிட்டிருந்தது அண்ணே, திடீர்னு நின்னுபோச்சு" என்பார்கள். மூடியைத் திறந்தால், தண்ணீரே இல்லாத தொட்டியில் ஓடவிட்டு வறுத்தெடுத்த நாற்றம் முகத்தில் அடிக்கும். அவர் எதிர்த்துப் பேசமாட்டார். "அப்படியா? பாவம், தானாவே நின்னுடுச்சா?" என்று மோட்டாரைப் பார்த்துக் கேட்பார். கொண்டுவந்தவர் செருப்பைப் பார்ப்பார்.

கட்டி முடித்த மோட்டாரை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்பார். பேரிங் தேய்ந்திருந்தால் ஒரு சத்தம், தண்டு கோணியிருந்தால் ஒரு சத்தம். மனிதர்கள் சொல்லாததை இரும்பு சொல்லிவிடும். சத்தம் இருந்தால் ஓடுகிறது, சத்தம் நின்றால் நின்றுவிட்டது. உலகத்தில் அவர் சந்தேகமில்லாமல் நம்பியது இந்த ஒன்றைத்தான்.

படிப்பையும் அவர் அதே காதால்தான் கேட்டார். அவர் எட்டாவதோடு நின்றவர். வகுப்பே ஒன்றாகச் சேர்ந்து பாடம் ஒப்பிக்கும்போது, கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவர். தொண்டை கிழியக் கத்திய பையன்கள் தேறினார்கள். வாயசைத்தவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அவருடைய அப்பா மூட்டை தூக்கியவர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் கண்டுபிடிக்கத் தெரியாதவர். ஆக, படிப்பு என்பது எப்படியிருக்கும், எந்தப் பக்கமாக உள்ளே போகும் என்று சொல்ல அந்தக் குடும்பத்தில் ஆள் இருந்ததில்லை.

பெரியவன் விஷயத்தில் அவர் ஒருமுறை சத்தமில்லாத படிப்பை நம்பிப் பார்த்தார். "சத்தம் போட்டா எனக்கு மனசுல நிக்காதுப்பா" என்று அவன் சொன்னான். சரியென்று கதவைச் சாத்திக்கொள்ள விட்டார்கள். டிவி கிடையாது. குக்கர் விசில் அடித்தால் அவன் அம்மா ஓடிப்போய் அணைத்தாள். வாசலில் விளையாடிய பிள்ளைகளை விரட்டினார்கள். வீடே வாயைப் பொத்திக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தது. முடிவு வந்தபோது பையன் பாதிப் பாடங்களில் தேறவில்லை. பொத்தல் விழுந்த தலையணைக்குள்ளிருந்து ஒரு கைப்பேசி கிடைத்தது. சார்ஜர் வயர் கட்டிலின் காலோடு காலாக ஓடி, பிளக் வரை போயிருந்தது. அந்த வயர் ஓட்டிய நேர்த்தியைப் பார்த்துவிட்டு, "இந்த வேலைக்காவது மார்க் போட்டிருக்கலாம்" என்று காயில்காரர் சொன்னாராம். இப்போது அவன் சாமான் வண்டி ஓட்டுகிறான். நன்றாகவே ஓட்டுகிறான். ஆனால் மூடிய கதவைப் பார்த்தால் இன்றைக்கும் அவர் அதைத் திறந்துவிட்டுத்தான் நகர்வார்.

அதனால்தான் மகளுக்கு முதலிலேயே சட்டம் போட்டார். கதவு திறந்திருக்க வேண்டும். சத்தம் கேட்க வேண்டும். சத்தம் நின்றால் குழாயை மூடிவிட்டு, ஈரக்கையோடு வந்து எட்டிப்பார்ப்பார்.

இந்த வருஷம் மகளுக்குப் பள்ளிப்படிப்பின் கடைசி வருஷம். கணக்கில் தேறுகிற அளவு வாங்கிக்கொண்டிருந்தவள், திடீரென்று வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். டீச்சர் கூப்பிட்டனுப்பி, இப்படியே பரீட்சையிலும் வாங்கினால் நல்ல கல்லூரியில் இடம் நிச்சயம் என்றார். வேறு அப்பாவாக இருந்தால் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்திருப்பார். காயில்காரருக்கு மூக்கில் வியர்த்தது.

"நம்ம வம்சத்துல கணக்கு யாருக்கு வந்திருக்கு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஏங்க, பிள்ளை நல்ல மார்க் வாங்கினா அதுக்கும் ஒரு குத்தமா?"

"குத்தம்னு சொல்லல. எங்கேயிருந்து வருதுன்னு கேக்குறேன். தண்ணி வந்தா எந்தத் தொட்டியிலேர்ந்து வருதுன்னு பாக்கணும்ல?"

"விட்டா ஸ்க்ரூடிரைவரை அவ மண்டையில வச்சுக் கேப்பீங்க" என்றாள் அவள். ஷிப்ட் முழுக்க மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வந்தவளுக்கு அதற்கு மேல் விவாதிக்கத் தெம்பில்லை.

பேரிங் கடைக்காரர் வேறு எண்ணெய் ஊற்றினார். "நம்ம வீட்டுப் பிள்ளைங்க கணக்குல நூறு வாங்கினா, முதல்ல பேப்பர் திருத்தினவர் கண்ணைத்தான் டெஸ்ட் பண்ணணும், காயிலு!" தானே சொல்லித் தானே சிரித்தார். காயில்காரரும் கூடச் சிரித்தார். சிரித்துவிட்டு அன்று முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பாத்திரம் கழுவும்போது காதைக் கூர்மையாக்கினார். கேட்கக் கேட்க ஏதோ உறுத்தியது. அவள் படிப்பது ரொம்ப வழவழவென்று போய்க்கொண்டிருந்தது. திக்கல் இல்லை, ஒரு சொல்லைத் திரும்பச் சொல்வதில்லை, மூச்சு வாங்கக்கூட ஒரே இடம். பம்பை மாட்டாமல் வெறுமனே ஓடுகிற மோட்டாரும் இப்படித்தான் அழகாக ஓடும். லோடு ஏறினால் அந்தக் குரல் வராது. கொஞ்சம் முக்கும், கொஞ்சம் திணறும். லோடு இல்லாத சத்தம் அவருக்குத் தெரியும்.

"...பகலில் வெப்பத்தால் பாறை விரிகிறது. இரவில் குளிரால் சுருங்குகிறது. நாள்தோறும் விரிந்து சுருங்குவதால் பாறையில் பிளவுகள் தோன்றுகின்றன..."

கையிலிருந்த பால் பாத்திரம் அப்படியே நின்றது. இந்தப் பாறையை அவருக்குத் தெரியும். போன வருஷமும் இதே பாறை இதே முன்னறையில்தான் விரிந்து சுருங்கியது. "நம்ம காயிலும் அப்படித்தான் பாப்பா, சூட்டுல விரிஞ்சு விரிஞ்சுதான் மேல பூசின வார்னிஷ் வெடிக்கும்" என்று அவரே அப்போது உள்ளேயிருந்து குரல் கொடுத்திருக்கிறார்.

போன வருஷத்துப் பாடம். இந்த வருஷம் எதற்கு?

கேட்டால் பூசி மெழுகிவிடுவாள். கேட்காமல் பார்ப்போம் என்று தட்டைத் துடைத்து வைத்தார். மறுநாளும் பாறை. அதற்கடுத்த நாள் வேறெதையோ ஆரம்பித்து, நடுவில் மெல்லப் பாறைக்கே வந்து சேர்ந்தாள்.

மகனிடம் நூல் விட்டுப் பார்த்தார். "உன் தங்கச்சி சனிக்கிழமையானா ஸ்பெஷல் கிளாஸ்னு போறாளே, ஸ்கூல் திறந்திருக்குமா அன்னிக்கு?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை. "நான் சத்தமில்லாம படிச்சேன், திட்டுனீங்க. அவ சத்தம் போட்டுப் படிக்கிறா, அதுலயும் சந்தேகமா? அடுத்து எப்படித்தான்பா படிக்கிறது? டான்ஸ் ஆடிக்கிட்டா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

"எனக்கென்ன தெரியும்." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தங்கையைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லாமல், அப்பாவிடம் ஒன்று தெரிந்துவைத்திருப்பதைச் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் முனகினான். "அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு இல்ல, அவ கிளாஸ்மேட்? அது இருக்கிற அபார்ட்மென்ட்டுக்குப் பார்சல் போடப் போனப்ப பார்த்தேன். பாப்பா லிஃப்ட்ல ஏறிட்டு இருந்தா. மூணாவது மாடி. அவங்கப்பா காலேஜ் புரொபசராம்."

புரொபசர். அப்படியென்றால் மார்க் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பெண் எழுதுவதைப் பார்த்து இவள் எழுதுகிறாள். இல்லையென்றால், அதைவிடப் பெரிதாக வேறெதுவோ. அந்த வேறெது என்னவென்று யோசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை. யோசித்துக்கொண்டேதான் இருந்தார்.

சனிக்கிழமை கடையை மகனுடைய நண்பன் ஒருவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பழைய டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாடிக் கட்டடம் என்றால் மோட்டார் இருக்கும். மோட்டார் இருந்தால் மோட்டார்காரனைத் தடுக்க உலகத்தில் ஆள் கிடையாது.

காவலாளி மட்டும் கொஞ்சம் குறுக்கிட்டார். "மோட்டார் கீழதானே இருக்கு? நீங்க லிஃப்ட் பக்கம் போறீங்க?"

"கீழ ஓடுறது இருக்கட்டும். மேல தண்ணி ஏறுதான்னு பாக்க வேணாமா?"

"அதானே" என்று காவலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

மூன்றாவது மாடிக் கதவைத் திறந்தது புரொபசரின் மனைவி. விரல் ஒன்றைப் புத்தகத்தின் நடுவில் அடையாளமாக வைத்தபடியே வந்திருந்தார். தண்ணீர் வருகிறதா என்று பார்க்கணும் என்றதும் சமையலறையைக் காட்டினார். காயில்காரர் குழாயைத் திறந்தார். தண்ணீர் பளீரென்று கொட்டியது. கை தானாகவே போய் அதை நூலாகச் சன்னப்படுத்தியது. காது தானாகவே முன்னறைப் பக்கம் திரும்பியது.

ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு குரல் இல்லை, முணுமுணுப்பு இல்லை. யாரோ தாளைத் திருப்பினார்கள். அவ்வளவுதான். சமையலறை வாசல் வழியாகக் கூடம் தெரிந்தது. புரொபசர் என்று நினைக்கத்தக்க ஒரு வழுக்கைத் தலை, சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இருக்கிற பக்கம் அது திரும்பவேயில்லை. சாப்பாட்டு மேசையில் கண்ணாடிப் பெண். அவளுக்கு எதிரே, கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, அவர் மகள்.

அவள் படிக்கவில்லை. எழுதவுமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு மண்ணும் இல்லை. கண்ணாடிப் பெண் பக்கம் அவள் திரும்பவேயில்லை, ஆக, பார்த்தெழுதுகிற கதையும் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு தடவை பென்சிலை உருவி எதையோ கிறுக்கினாள், உடனே அதைக் கோடு போட்டு அடித்தாள், மறுபடியும் சுவர்.

பெரியவனும் கதவைத் திறந்தால் இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஏம்மா, இந்த வீட்ல யாரும் பேசவே மாட்டீங்களா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டார்.

அவர் சிரித்தார். "பேசுவோமே. சாப்பிடும்போது ஒரே சண்டையா இருக்கும்."

"இல்ல... பிள்ளைங்க படிக்குதா, சும்மா உக்காந்திருக்குதான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

அந்த அம்மா இப்படியொரு கேள்வியை வாழ்க்கையில் சந்தித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "தெரிஞ்சு என்ன பண்ணப்போறோம்?" என்றார்.

காயில்காரர் குழாயை மூடினார். திமிரா, அசட்டையா, இல்லை பெரிய மனுஷத்தனமா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. அப்புறம்தான் புரிந்த மாதிரி இருந்தது. இந்தப் பிள்ளை ஒரு தடவை வழுக்கினால் இவர்களுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கடுத்த வருஷமும் இருக்கிறது. மாமா, சித்தப்பா, அலமாரி முழுக்கப் புத்தகம். காது வைத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத வீடு இது. தன் வீட்டில் பெரியவன் ஒரு தடவை வழுக்கினான். நேராக ஸ்டியரிங்கில் போய் விழுந்தான்.

கிளம்பும்போது மகள் நிமிர்ந்தாள். நேருக்கு நேர் அவரைப் பார்த்தாள். டூல் பையோடு, பனியன் தெரிகிற சட்டையோடு நிற்கிற அப்பாவின் முகத்தின் மேல் அவள் கண்கள் வந்து நின்றன. பிறகு அப்படியே நகர்ந்து கதவுக்குப் போய், மறுபடியும் தாளுக்குப் போயின.

கூப்பிடவில்லை. எழுந்திருக்கவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கினார். 'தண்ணி ஏறுதா?' என்று காவலாளி கேட்டது காதில் விழவில்லை.

அன்று சாயங்காலமும் பாத்திரம் கழுவினார். மகள் வந்து, முகம் கழுவி, கால் மடக்கி உட்கார்ந்து ஆரம்பித்தாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"...நாள்தோறும் விரிந்து சுருங்குவதால் பாறையில் பிளவுகள் தோன்றுகின்றன. பிளவுக்குள் மழைநீர் புகுகிறது..."

"நீரைத் தொடர்ந்து வேர் புகுகிறது" என்றார் காயில்காரர், சமையலறையிலிருந்து. "வேர் பருக்கப் பருக்கப் பிளவு அகலமாகிறது. இவ்வாறு பெரும் பாறையும் காலப்போக்கில் மண்ணாகிறது."

முன்னறை நின்றுபோயிற்று. அவர் ஈரக்கையோடு போய் வாசலில் நின்றார். வண்டிச்சாவியைத் தேடிக்கொண்டிருந்த மகன், சாவி கையிலேயே இருந்தும் தேடுவதை நிறுத்தவில்லை.

"அடுத்த பாராவையும் சொல்லட்டுமா?" என்றார். "எனக்கே காது குத்துறியா பாப்பா? போன வருஷத்துப் பாடத்தை ஓட்டிக்கிட்டு, உள்ள என்ன வேலை நடக்குது?"

அவள் மடியிலிருந்த நோட்டை மூடப்போனாள். மூடாமல் அப்படியே தள்ளி வைத்தாள். பாறைப் பாடம் எங்குமே இல்லை. தாள் முழுக்கக் கணக்கு, அடித்தல், அம்புக்குறி.

"கணக்குதாம்பா போட்டுட்டிருக்கேன்."

"வாய் பாறையைச் சொல்லுது?"

"அது மனப்பாடம். யோசிக்காமலே வரும்." குரல் உள்ளே போயிற்று. "சத்தம் நின்னா நீங்க எந்திரிச்சு வந்துடுவீங்க. ஒவ்வொரு தடவையும் வந்து நின்னா, பாதியில போட்ட கணக்கு போயிடும். அதான்... வாய் உங்களுக்கு, கை எனக்குன்னு."

மகன் பக்கென்று சிரித்துவிட்டான். "அப்பா, டபுள் வைண்டிங்! ஒரே மோட்டார்ல ரெண்டு காயில்!"

"நீ வாயை மூடுடா, வயரு" என்றார் அவர். மகளிடம் திரும்பினார். "ஏமாத்துறதுக்கு நல்லா பேரு வச்சிருக்க. அப்போ ஸ்பெஷல் கிளாஸ்?"

"சின்னக் கணக்குன்னா இப்படிப் பாறை சொல்லிக்கிட்டே போட்டுடுவேன். பெருசுன்னா வராதுப்பா. அங்க போனா யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

"அங்க போனா அப்பனும் கண்ணுக்குத் தெரியமாட்டான்."

"என்னப்பா சொல்றீங்க?"

"இன்னிக்கு நான் அங்க வந்தேன். பையைத் தூக்கிக்கிட்டு உனக்கெதிர நின்னேன். நீ பார்த்த. பார்த்துட்டு, குழாய் ரிப்பேர் பண்ண வந்தவனை விடற மாதிரி விட்டுட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்ட."

அவள் அவரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "சத்தியமா தெரியாதுப்பா. எப்போ வந்தீங்க? நான் பார்க்கவே இல்லையே!"

நல்லாத்தான் ஓடிட்டிருந்தது அண்ணே, திடீர்னு நின்னுபோச்சு. எத்தனை பேர் இதே முகத்தோடு அவர் முன்னால் நின்றிருக்கிறார்கள். பெற்ற பிள்ளையின் மூடியைத் திறந்து மோந்துபார்க்க வழியில்லை.

"இனிமே அங்க போகக்கூடாது" என்றார்.

"சரி. போகல." அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் தொடர்ந்தாள். "அப்போ இங்க சத்தமில்லாம படிக்க விடுங்க. பரீட்சை முடியற வரைக்கும். கதவைத் திறந்தே வச்சுக்கிறேன். ஆனா நீங்க நடுவுல வந்து கேக்கக்கூடாது."

"எனக்கு எப்படித் தெரியும், படிக்கிறியா இல்லையான்னு?"

"தெரியாதுதாம்பா" என்றாள்.

மனைவி வந்ததும் விஷயம் அவளிடம் போயிற்று. செருப்பைக் கழற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டாள். "பிள்ளை பாவம், இத்தனை நாளா உங்களுக்காகத் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தியிருக்கு" என்றாள். பிறகு, "பெரியவனும் சத்தமில்லாமதான் படிச்சான்" என்றும் அவளே சொன்னாள். இரண்டையும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். எதை எடுத்துக்கொள்வது என்று அவர் பாடு.

மறுநாள் சாயங்காலம் ரேடியோ பாடவில்லை.

காயில்காரர் வழக்கம்போலக் குழாயை நூலாகத் திறந்துகொண்டு நின்றார். எதற்காகச் சன்னமாக வைத்திருக்கிறோம் என்று பாதித் தட்டில் உறைத்தது. ஆனாலும் பெரிதாகத் திறக்கக் கை வரவில்லை. கேட்கக்கூடாத சத்தமெல்லாம் கேட்டது. குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் ஒரு மாதிரி இழுக்கிறது, பார்க்கணும். மகன் கைப்பேசியில் எதையோ பார்த்துச் சிரித்தான். "டேய், வெளியில போய்ச் சிரி" என்று அதட்டினார். தெருவிலிருந்து பேரிங் கடைக்காரர் குரல் கொடுத்தார். "காயிலு! என்னய்யா, கரண்ட் போச்சா ரேடியோவுக்கு?" அவர் அடுத்த தட்டைத் தேய்த்தார்.

முன்னறையில் ஒன்றுமில்லை. தாள் திரும்புகிற சத்தம் வருகிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டார். வரவில்லை. தூங்கிவிட்டாளோ. இல்லை, தலையணை. அந்தத் தலையணையைத் தூக்கி எறியாமல் ஏன் இன்னும் வீட்டில் வைத்திருக்கிறார்கள்? பரீட்சை இதோ வந்துவிட்டது. கோட்டை விட்டாள் என்றால் சலவைக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள், அம்மா பக்கத்திலேயே நின்று விரிப்பு மடிக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் கையிலிருந்த கரண்டி தொட்டியில் நழுவி விழுந்து பெரிய சத்தம் போட்டது. முன்னறையிலிருந்து 'என்னப்பா?' என்றுகூட ஒரு குரல் வரவில்லை.

குழாயை மூடினார். சத்தியம் ஒன்றும் செய்து கொடுக்கவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். கையில் ஒரு தட்டையும் துடைக்கிற துணியையும் எடுத்துக்கொண்டார், தட்டு வைக்க வந்த மாதிரி இருக்கட்டும் என்று. முன்னறையில் தட்டு வைக்க இடமே கிடையாது.

உள்ளே போய் நின்றார்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நோட்டு மடியில். பென்சில் கொண்டையில். கண் சுவரில். சுவரில் பழைய ஆணி ஒன்று, சுண்ணாம்பு உரிந்த இடம் ஒன்று. அவளுடைய ஒரு கை மட்டும் தரையில் எதையோ கோடு போட்டுக்கொண்டிருந்தது. விரலால், மை இல்லாமல்.

தலையணை இருந்த இடத்திலேயே இருந்தது. அதை அவர் முதலில் பார்த்துக்கொண்டார்.

"பாப்பா" என்றார். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது. "படிக்கிறியா?"

அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்துக்கு நேரே அவள் கண்கள் வந்து நின்றன. மூன்றாவது மாடியில் வந்து நின்ற அதே கண்கள், அதே தூரத்திலிருந்து. ஈரத் தட்டோடு இரண்டடி தள்ளி நிற்கிற அப்பாவின் மேல் கொஞ்ச நேரம் அவை இருந்தன. பிறகு கதவுப் பக்கம் நகர்ந்தன. பிறகு தாளுக்கு இறங்கின. பென்சிலை உருவினாள். ஒரு வரி எழுதினாள். இந்தத் தடவை அதை அடிக்கவில்லை.

நடிப்பாகவும் இருக்கலாம். அண்ணன்காரன் வயர் ஓட்டியவன், தங்கைக்கு இது கைவராதா? ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்கவா முடியும்?

தட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. அது நோட்டுப் பக்கம் ஓடிவிடக்கூடாதே என்று காலால் துடைத்தார். இன்னொரு முறை கேட்கலாமா என்று வாயைத் திறந்தவர், திறந்த வாயை மூடிக்கொண்டு, தட்டை மார்போடு அணைத்தபடி, செருப்பில்லாத காலையும் மெதுவாக எடுத்து வைத்து அறையை விட்டு வெளியே போனார்.